கொடிக்கம்பத்திலிருந்து காசோலை வரை

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி ஊராட்சி அலுவலகத்துக்கு வழி கேட்டால், வயதானவர்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பஞ்சாயத்து போர்டா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று வெள்ளைக்காரர் காலத்தில் இருந்த பெயர்கள் போய்விட்டன. போர்டு என்ற சொல் மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது. சட்டம் ஊராட்சி என்கிறது. மக்களுக்கு அது இன்னமும் போர்டுதான்.

அந்தப் போர்டுக்கு நாம் ஏன் போகிறோம்? தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, சுடுகாட்டுப் பாதையில் முள் மண்டிக் கிடக்கிறது, வீட்டு வரி ரசீது வேண்டும். இவைதான் நம் மனுக்கள். பெரிய அரசியல் எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சின்ன மனுக்களை யார் வாங்குகிறார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்குகிறார், யார் கையெழுத்துப் போட்டால் விளக்கு எரிகிறது என்பதில்தான் ஊரின் சாதி ஒளிந்திருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஆத்துப்பாக்கம் நமக்குத் தூரமில்லை

2020 ஆகஸ்ட் 15. நம் மாவட்டம், கும்மிடிப்பூண்டி ஒன்றியம், ஆத்துப்பாக்கம் ஊராட்சி. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் அமிர்தம், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். சுதந்திர தினத்தன்று கொடியேற்ற அழைக்கப்பட்டார். பிறகு கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். தலைவருக்குரிய இடம் தொடக்கத்திலிருந்தே தனக்குத் தரப்படவில்லை என்பது அவர் வெளியே வந்து சொன்ன புகார்.

செய்தி பரவியது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அப்போதைய மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் நேரில் வந்து நிற்க, அமிர்தம் ஊராட்சி அலுவலகத்தில் தேசியக் கொடியை ஏற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி, கைது நடவடிக்கையும் நடந்தது.

அன்று அந்தப் படத்தைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் ஊராட்சித் தலைவர் தன் அலுவலகத்து வாசலில் கொடி ஏற்றுவதற்கு மாவட்டத்தின் இரண்டு உயர் அதிகாரிகள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் வண்டி திரும்பிப் போன பிறகு, மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அலுவலகம் எப்படி நடந்திருக்கும்?

அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் புவனகிரி பக்கத்துத் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வந்தது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் பட்டியல் சாதிப் பெண்தான். அந்த ஊரிலும் வழக்கு, நடவடிக்கை எல்லாம் படம் வெளிவந்த பிறகுதான் நடந்தன. படம் வெளிவராத ஊர்கள் எத்தனை?

தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 24 மாவட்டங்களில், பட்டியல் சாதியினர் தலைவர்களாக இருக்கும் 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தியது. 20 ஊராட்சிகளில் தலைவரால் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை, 22 ஊராட்சிகளில் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்று அது சொன்னது. அந்த ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். விடுதலை அடைந்து 75 ஆண்டு நிறைந்த நேரத்தில் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது.

கொடிக்குப் பின்னால் இருப்பது

கொடியும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரியும். படம் எடுக்கலாம், செய்தி ஆகும். ஆனால் ஓர் ஊராட்சித் தலைவரைச் செயல்படவிடாமல் செய்ய, கொடிக்கயிறைப் பிடுங்க வேண்டியதில்லை. அதைவிட ஓசையில்லாத வழிகள் உண்டு.

முதல் வழி காசோலை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் தனியாகப் பணத்தைக் கையாளக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த விதி இது. ஆனால் தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டதும், தலைவர் பதவியில் நிற்க முடியாதவர்கள் துணைத் தலைவர் பதவியைக் குறிவைப்பது இதனால்தான். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் மோட்டார் பழுது பார்த்தவருக்குக் கூலி போகாது, பல்பு வாங்கிய கடைக்குப் பணம் போகாது. ஊர் மக்கள் திட்டுவது துணைத் தலைவரை அல்ல. "நம்ம ஆள உட்கார வச்சும் ஒண்ணும் நடக்கல" என்று தலைவரைத்தான் திட்டுவார்கள். சேரியிலிருந்தே அந்தப் பேச்சு வரும்போதுதான் வலி அதிகம்.

இரண்டாவது வழி பதிவேடு. ஊராட்சிச் செயலரை நம் ஊர்களில் கிளார்க் என்பார்கள். தலைவர்கள் மாறுவார்கள், கிளார்க் இருப்பார். தீர்மானப் புத்தகம், வரி ரசீது, சாவி, இப்போது கணினிக் கடவுச்சொல் எல்லாம் அவர் கையில். நேர்மையான செயலர்கள் பலர் உண்டு, அவர்கள் இல்லாமல் ஊராட்சி நடக்காது. ஆனால் செயலரும் பழைய தலைவரும் ஒரே பக்கம் என்று ஆகிவிட்டால், முதல்முறை பதவிக்கு வந்த ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஐந்து வருடம் ஓடிவிடும்.

மூன்றாவது வழி பினாமி. ஊர்ப் பெரிய மனிதர் தன்னிடம் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தி, செலவு செய்து ஜெயிக்க வைப்பார். பலகையில் பெயர் இவருடையது, முடிவு அவருடையது.

இதில் பணமும் இருக்கிறது என்பதைக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டு வரி, தொழில் வரி போன்றவை கிராம ஊராட்சியின் சொந்த வருவாய். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊராட்சிக்கும் வானம் பார்த்த ஊராட்சிக்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. வேப்பம்பட்டு போல, சென்னையின் வீட்டுமனைகள் வந்து சேர்ந்த ஊர்களில் கட்டட அனுமதி, மனைப்பிரிவு, புதிய சாலை என்று ஊராட்சியின் மேசைக்கு வரும் காகிதங்களும் கூடிவிட்டன. நாற்காலிக்கான சண்டை வெறும் கௌரவச் சண்டை இல்லை. எந்தத் தெருவுக்கு முதலில் கான்கிரீட், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பதை முடிவு செய்யும் சண்டை அது.

முன்பே எச்சரித்தவர்

இதையெல்லாம் எண்பது, தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் கண்டு சொன்னார். 1932-இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிய பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்று அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போதும், கிராமத்தை அல்லாமல் தனிமனிதரையே அரசியல் சட்டம் அலகாகக் கொண்டதை வரவேற்றார். அதே மாதம் 22-ஆம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகக் கிராமப் பஞ்சாயத்து பற்றிய பிரிவு, இன்றைய 40-ஆவது பிரிவு, சட்டத்துக்குள் வந்தது. அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார்.

அவர் கேட்ட பாதுகாப்பு வருவதற்கு மேலும் 45 ஆண்டு ஆனது. 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், உறுப்பினர் பதவிகளிலும் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கான பங்கைத் தமிழ்நாடு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தியது. அமிர்தமும் ராஜேஸ்வரியும் நாற்காலிக்கு வந்தது யாருடைய தயவாலும் அல்ல, இந்தச் சட்டத்தாலும் மக்கள் வாக்காலும்தான்.

அந்தச் சட்டத்துக்கு நாம் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-இல் தனி ஊராட்சியானது. எதிர்ப்பை மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவர் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். எதற்குத் தெரியுமா? வீடு எரிக்கப்பட்ட மக்களுக்கு நிவாரணம் கேட்க. ஓர் ஊராட்சித் தலைவர் செய்ய வேண்டிய அன்றாட வேலை அது. திரும்பி வரும் வழியில், பேருந்தில் வைத்தே அவரும் துணைத் தலைவர் மூக்கனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மனுவோடு போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள்.

அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலிலும் தனி ஊராட்சி என்பதற்காகவே பத்து ஆண்டு தேர்தல் முறையாக நடக்கவில்லை. 2006-இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அந்தப் பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொண்டார். மூடிக் கிடந்த கதவு திறக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

தலைவரைத் தடுப்பது ஊர்த் தகராறு அல்ல, குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3(1)(எம்) பிரிவு, ஊராட்சியின் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி நபர் தம் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவது, மிரட்டுவது, தடுப்பது எல்லாவற்றையும் வன்கொடுமை என்கிறது. கொடியை மட்டும் அது சொல்லவில்லை. 'கடமை' என்கிறது. சாவியைத் தராமல் இருப்பதும், பதிவேட்டை மறைப்பதும், கூட்டம் நடத்தவிடாமல் செய்வதும் இந்தப் பிரிவின் கீழ் கேள்வி கேட்க வேண்டியவையே. வார்டு உறுப்பினர்களும் இதில் அடக்கம் என்பதை நம் உறுப்பினர்களே பலர் அறியவில்லை.

ஊராட்சியின் கடமை எது என்பதையும் தெரிந்துகொள்வோம். ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு அதைப் பட்டியலிடுகிறது. ஊராட்சிச் சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பறை, இடுகாடு சுடுகாடு, குடிநீர்க் கிணறும் குளமும். இவை ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற பட்டியல் அல்ல, செய்தே ஆக வேண்டியவை. ஊர்த் தெருவுக்கு ஒரு சட்டம், சேரித் தெருவுக்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை. 15-ஆவது நிதிக் குழு தந்த மானியத்திலும் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. 'பணம் இல்லை' என்று பதில் வந்தால், எந்தப் பணம் எங்கே போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எல்லாமே ஊராட்சியின் கையில் இல்லை என்பதும் உண்மை. வேப்பம்பட்டில் 2023 நவம்பரில் தண்டவாளத்தைக் கடந்த ஒரு தந்தையும் இரண்டு மகள்களும் ரயில் மோதி இறந்துபோனார்கள். ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடந்த மேம்பாலத்தைப் பற்றி ஊரே அன்று குமுறியது. ரயில் பாதையும் மேம்பாலமும் ஊராட்சி கட்டுவதல்ல. ஆனால் ஊர் ஒரே குரலில் சொன்னது என்று காட்டும் காகிதம் ஒன்று வேண்டுமென்றால், அது கிராம சபைத் தீர்மானம்தான்.

தலைவர் இல்லாத காலம்

திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நம் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் 526 கிராம ஊராட்சிகளிலும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை இருந்த நிலையும் இதுதான்.

தனி அலுவலர் காலம் நமக்கு ஒரு விசித்திரமான காலம். நாற்காலி மறுக்கப்படும் தலைவர் இல்லை, ஆகவே அவமானச் செய்தியும் இல்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. 'நம்ம தலைவர்' என்று உரிமையோடு வாசலில் போய் நின்று கேட்ட தண்ணீருக்கு, இப்போது ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும், இட ஒதுக்கீட்டால் நாற்காலிக்கு வரவேண்டிய நம் பெண்கள் வெளியே நிற்கும் மாதம். இதையும் ஓர் இழப்பாகக் கணக்கில் எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதற்குத் தேர்தலில் ஜெயிக்க வேண்டாம், யாரும் நியமிக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை.

கூட்டம் செல்ல வேண்டுமானால் ஆள் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பல ஊர்களில் இந்தக் கணக்கு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி நிரப்பப்படுகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. கூட்டத்துக்குப் போகாமல் போடும் கையெழுத்து நம் வாயை நாமே கட்டிக்கொள்வது. போய் உட்கார்ந்து, தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு போடுவோம்.

கிராம சபையை மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது, எல்லாக் குக்கிராமங்களுக்கும் சுழற்சி முறையில் கொண்டுபோக வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "உங்க பக்கத்து ஆளுங்க ஏன் வரலை" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் எங்கள் தெருவில் நடக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

மனுவை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முதலில் ஊராட்சி, பிறகு ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கும் மேல் மாவட்ட ஆட்சியர். சட்டப்படி ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்.

இந்த வரிகளைப் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்லூரிக்கு ரயில் ஏறும் உங்களுக்கு ஊராட்சி ஒரு சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் அம்மா கிராம சபைக்குப் போயிருப்பார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், எழுந்து பேசத் தயங்கியிருப்பார். அடுத்த முறை அவரோடு போங்கள். அங்கே வைக்கும் வரவு செலவுக் கணக்கை வாங்கி, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நம் தெருவுக்கு எத்தனை விளக்கு என்று கணக்கில் இருக்கிறது, தெருவில் எத்தனை எரிகிறது என்று எண்ணிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். உங்களில் 21 வயது நிறைந்தவர் தேர்தலிலும் நிற்கலாம்.

ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். உங்கள் தெருவின் பலகை மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால், என்ன பெயர் வேண்டும் என்று தெருவார் கூடிப் பேசி, கிராம சபையில் வையுங்கள். பெயர் வைப்பதும் ஆட்சிதான்.

ஆத்துப்பாக்கத்தில் கொடி ஏறிய நாளில் ஆட்சியர் பக்கத்தில் நின்றார். மகிழ்ச்சி. ஆனால் ஆண்டின் மற்ற 364 நாளும் ஆட்சியர் வர மாட்டார். நாளை தேர்தல் வரும், நம் ஊரில் ஓர் அமிர்தமோ ராஜேஸ்வரியோ மீண்டும் நாற்காலிக்கு வருவார். காசோலையில் இரண்டாவது கையெழுத்து விழாமல் நிற்கும் அந்தச் சாதாரண செவ்வாய்க்கிழமையில், "ஏன் போடவில்லை?" என்று கேட்டுப் போர்டு வாசலில் போய் நிற்பது நாமாக இருக்க வேண்டும்.